ஒளி திரும்பி விழுவதில்லை, ஐயா

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் பத்திரிகையின் மாணவர் பக்கத்தில் போன மாதம் கருந்துளை பற்றி அரைப் பக்கத்துக்கு ஒரு கட்டுரை வந்திருந்தது. படமெல்லாம் பிரமாதம். ஆனால் அதில் இருந்த ஒரு வரியால் எங்கள் வீட்டில் பேச்சு ஓயவே இல்லை. கருந்துளைக்குள்ளிருந்து கிளம்பும் ஒளி, மேலே எறிந்த கல் மாதிரி கொஞ்ச தூரம் ஏறிவிட்டு, ஈர்ப்பு விசைக்குத் தாக்குப்பிடிக்க முடியாமல் திரும்பி உள்ளேயே விழுந்துவிடுகிறதாம். அந்த வரி தப்பு. எழுதியவரைக் குறை சொல்ல வரவில்லை. நானே நாற்பது வருஷமாக அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். தப்பு என்று காட்டிக்கொடுத்தது எட்டாம் வகுப்புப் படிக்கும் என் மகள் வயிற்றுப் பேத்தி.

நான் விஞ்ஞானி இல்லை. தடாவுக்குக் கிழக்கே, பழவேற்காடு ஏரியின் ஆந்திரக் கரையில் படகு எஞ்சின் ரிப்பேர் பார்க்கிறவன். பி.எஸ்சி. பிசிக்ஸ் இரண்டு வருஷம் படித்தேன். அப்பா தவறிப்போனதும் காலேஜ் நின்றது, புத்தகம் படிக்கிற பழக்கம் நிற்கவில்லை. நெல்லூர் மாவட்டமாக இருந்த எங்கள் பக்கம் 2022-ல் திருப்பதி மாவட்டம் ஆகிவிட்டது. பள்ளிக்கூடம் தெலுங்கு, ரேஷன் கார்டு தெலுங்கு, வீட்டுக்குள் தமிழ். உங்கள் பேப்பரை தடா ஸ்டேஷன் பக்கத்துக் கடையில் வாங்கி வருவேன். தினமும் சாயங்காலம் அதில் ஒரு பத்தியாவது சத்தமாக வாசித்தால்தான் பேத்திக்கு முறுக்குத் தட்டு கைக்கு வரும். இது என் மனைவி போட்ட சட்டம். தமிழ் எழுத்து மறந்துவிடக் கூடாதாம்.

அப்படித்தான் அன்றைக்கும் வாசித்தாள். அவளுடைய தெலுங்குப் புத்தகத்தில் கருந்துளைக்கு ‘கிருஷ்ணபிலம்’ என்று பெயர். பிலம் என்றால் குகை. நம் பழைய தமிழிலும் உள்ள சொல்தான். துளை என்பதைவிட அது தேவலை என்று எனக்குத் தோன்றுகிறது. துளை என்றால் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கலாம் போல ஒரு நினைப்பு வந்துவிடுகிறது. அது கிடக்கட்டும். அந்தக் கல் எறிகிற வரிக்கு வந்ததும் விரலை அதன் மேலேயே வைத்துக்கொண்டு கேட்டாள்: “தாத்தா, மேல வந்துட்டுத்தானே விழுது? அப்ப பக்கத்துல போய் நின்னா வெளிச்சம் தெரியும்ல?”

நியாயமான கேள்வி. நான் அசரவில்லை. விடுபடு வேகம் என்று காலேஜில் படித்ததை எடுத்துவிட்டேன். பூமியிலிருந்து ஒரு கல்லை வினாடிக்கு 11.2 கிலோமீட்டர் வேகத்தில் எறிந்தால் அது திரும்பி வராது. சந்திரனில் 2.4 கிலோமீட்டர் போதும். சூரியனின் மேற்பரப்பில் 618 கிலோமீட்டர் வேண்டும். கருந்துளையில் அந்த வேகம் ஒளியின் வேகத்தையே, அதாவது வினாடிக்குச் சுமார் 3 லட்சம் கிலோமீட்டரையே தாண்டிவிடும், அதனால் ஒளிகூட வர முடியாது என்றேன். உதாரணத்துக்கு எதிர்க்கரையில் இருக்கும் ஸ்ரீஹரிகோட்டா ராக்கெட்டையும் இழுத்தேன். அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

“ராக்கெட்டு மெதுவாத்தானே கெளம்புது?” என்றாள்.

ஏரிக்கரையில் வளர்ந்த பிள்ளையிடம் இதை மறுக்க முடியாது. ராக்கெட் கிளம்பும் நாளில் ஊரே கரையில் நிற்கும். முதலில் நெருப்பு தெரியும். மரங்களுக்கு மேலே நிதானமாக எழும்பும். ஒரு நிமிஷத்துக்கும் கொஞ்சம் மேலே போன பிறகுதான் சத்தம் வந்து தகர ஷெட்டைக் குலுக்கும். 11.2 கிலோமீட்டர் என்பது ஒரே வீச்சில் எறிந்துவிட்டுக் கையைக் கட்டிக்கொள்பவனுக்கான கணக்கு. எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தால், தாங்கும் அளவுக்கு எண்ணெயும் இருந்தால், நத்தை வேகத்திலும் பூமியை விட்டுப் போகலாம். மங்கள்யான் 2013 நவம்பர் 5-ம் தேதி இங்கேயிருந்துதான் கிளம்பியது. பூமியைச் சுற்றிச் சுற்றித் தவணை முறையில் வேகம் சேர்த்து, டிசம்பர் 1-ம் தேதிதான் பூமியின் பிடியை விட்டது.

அப்படியானால் விடுபடு வேகம்தான் காரணம் என்பது நொண்டிக் காரணம். கருந்துளைக்குள் மாட்டியவர் நல்ல எஞ்சினாக ஒன்றை மாட்டிக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக ஏறி வந்துவிடலாமே? இல்லாவிட்டால் வெளியிலிருந்து கயிறு விட்டு இழுக்கலாமே? முடியாது என்றுதான் எல்லாப் புத்தகமும் சொல்கிறது. ஏன் முடியாது என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. முறுக்கை அவளிடம் கொடுத்துவிட்டு எழுந்து போய்விட்டேன். இந்தக் கடிதம் எழுத ஒரு மாதம் ஆனது அதனால்தான். சூலூர்ப்பேட்டையில் எனக்கு ஒரு சிநேகிதர் உண்டு, ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். அவருடைய வெராந்தாவில் நாலு ஞாயிற்றுக்கிழமை போனது. காபி தம்ளரும் கால்குலேட்டருமாக உட்கார்ந்து பார்த்தபின் விளங்கியதை எழுதுகிறேன்.

கல் எறிகிற கதை பழைய கதை. அதற்கு ஒரு மரியாதையும் உண்டு. இங்கிலாந்தில் ஜான் மிச்செல் என்ற பாதிரியார் 1783-ல் கேவண்டிஷ் என்ற விஞ்ஞானிக்குக் கடிதம் எழுதினார். சூரியனைப் போன்ற அடர்த்தியும் சூரியனைவிட 500 மடங்கு விட்டமும் உள்ள நட்சத்திரம் ஒன்று இருந்தால், அதிலிருந்து கிளம்பும் ஒளி கடைசியில் அதன் மேலேயே திரும்பி விழும் என்பது அவர் கணக்கு. 1796-ல் பிரான்சில் லாப்லாசும் இதையே சொன்னார். ஒளியைச் சின்னச் சின்ன ரவை போல நினைத்த காலத்தில் அது அபாரமான யோசனை. ஆனால் மிச்செலின் நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் போய் நின்றால் வெளிச்சம் தெரியும்! என் பேத்தி கேட்டது மிச்செலின் நட்சத்திரத்துக்குச் சரி. கருந்துளை அது இல்லை. அங்கே எல்லைக்கு ஒரு மில்லிமீட்டர் வெளியே நின்றாலும் உள்ளேயிருந்து ஒரு துளி வெளிச்சம் வராது. கொஞ்ச தூரம் ஏறுவது, பிறகு விழுவது என்ற பேச்சே கிடையாது.

பிறகு என்னதான் நடக்கிறது? இதைச் சொல்ல முகத்துவாரத்துக்குப் போக வேண்டும்.

முப்பது வருஷத்துக்கு முந்திய கதை. என் அம்மாவின் தம்பிக்குப் பழவேற்காடு. அவர் பிற்பாடு எனக்கு மாமனாரும் ஆனார். ஒரு நவம்பர் மாதம், பெருமழை விட்ட மூன்றாம் நாள், அவர் படகில் கடலுக்குப் போனோம். விடிகாலையில் முகத்துவாரம் வழியாக வெளியேறும்போது தண்ணீரே தள்ளிக்கொண்டு போய் விட்டது, எஞ்சினுக்கு வேலையே இல்லை. திரும்பும்போதுதான் வினை. ஆரணியாறும் காளங்கியும் கொண்டுவந்து கொட்டிய வெள்ளம் ஏரியில் நிரம்பி நிற்க, கடலும் வற்றத் தொடங்கிய நேரம். அத்தனை தண்ணீரும் அந்தக் குறுகலான வாய் வழியாகக் கடலுக்குப் பாய்கிறது. நாங்கள் அதற்கு எதிராக ஏரிக்குள் நுழைய வேண்டும்.

எஞ்சின் நான் கையால் பிரித்துப் பூட்டியது. அன்றைக்கு ஒரு குறையும் இல்லாமல் முழு மூச்சில் ஓடியது. படகின் இரண்டு பக்கமும் நுரை பறக்கிறது. முன்மூக்கு தண்ணீரைக் கிழிக்கிறது. குனிந்து தண்ணீரை மட்டும் பார்த்தால் பிய்த்துக்கொண்டு போகிறோம் என்று சத்தியம் செய்வேன். கரையில் யாரோ கவிழ்த்துப் போட்டிருந்த உடைந்த படகு ஒன்று எனக்கு நேரே தெரிந்தது. ஐந்து நிமிஷம் கழித்துப் பார்த்தேன், அது அங்கேயே நேராக இருந்தது. இன்னும் கொஞ்ச நேரம். இப்போது அது எங்களுக்கு முன்னால் போய்விட்டது. முழு வேகத்தில் ஏரியைப் பார்த்து ஓடிக்கொண்டே நாங்கள் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தோம். எனக்கு வயிற்றைக் கலக்கியது. எஞ்சினில்தான் கோளாறு என்று மூடியைக் கழற்றப் போனேன். மாமா என் தோளைப் பிடித்து உட்காரவைத்தார்.

“எஞ்சின் மேல தப்பில்லடா. தண்ணி நம்மள விட வேகமா போவுது.”

கருந்துளைக்குள் ஒளிக்கு நடப்பது இதுதான், ஐயா. ஒளி சோர்ந்துபோகவில்லை. நின்று திரும்பி விழவில்லை. எப்போதும் ஓடும் அதே வேகத்தில் வெளியே பார்த்துத்தான் ஓடுகிறது. அது ஓடுகிற அண்டவெளியே உள்ளே பாய்கிறது, அதைவிட வேகமாக.

இது நான் கட்டிய கதை என்று நினைத்துவிட வேண்டாம். ஐன்ஸ்டைன் 1915 நவம்பரில், ஈர்ப்பை விளக்கும் பொதுச் சார்பியல் சமன்பாட்டை வெளியிட்டார். அடுத்த மாதமே கார்ல் ஷ்வார்ஸ்சைல்டு அதற்கு ஒரு விடையைக் கண்டுபிடித்து, முதல் உலகப்போரின் ரஷ்யப் போர்முனையிலிருந்து ஐன்ஸ்டைனுக்குக் கடிதம் எழுதினார். (இந்த விஷயமெல்லாம் கடிதத்தில்தான் வந்திருக்கிறது, கவனித்தீர்களா?) அடுத்த மே மாதம் நோயில் இறந்துபோனார் பாவம். அதே விடையை 1921, 1922 வாக்கில் பெயின்லெவெ, குல்ஸ்ட்ரான்ட் என்ற இரண்டு பேர் தனித்தனியாக வேறு உருவத்தில் எழுதினார்கள். அந்த உருவத்தைத்தான் பின்னால் வந்தவர்கள் ‘உள்ளே பாயும் வெளி’ என்று வாசித்தார்கள். பெயின்லெவெ பிரான்சின் பிரதமராக இருந்தவர். குல்ஸ்ட்ரான்ட் ஸ்வீடன் நாட்டுக் கண் டாக்டர், கண்ணின் ஒளியியலுக்காக நோபல் வாங்கியவர். சார்பியலுக்காக ஐன்ஸ்டைனுக்கு நோபல் கொடுக்கக் கூடாது என்று கமிட்டியில் உட்கார்ந்து தடுத்தவரும் அவரே. வாத்தியார் இதைச் சொன்னபோது எனக்குச் சிரிப்பு அடங்க நேரமானது. பிறகு 1981-ல் கனடாவின் பில் அன்ரூ, ஓடும் தண்ணீரில் சத்தம் படும் பாட்டையும் கருந்துளை அருகே ஒளி படும் பாட்டையும் ஒரே மாதிரிக் கணக்கில் எழுதலாம் என்று காட்டினார்.

இந்தப் பாய்ச்சலின் வேகம் எவ்வளவு என்பதுதான் அழகான இடம். எந்தப் புள்ளியிலும் அது அந்தப் புள்ளியின் விடுபடு வேகத்துக்குச் சமம். பூமியின் தரையில் அது வினாடிக்கு 11.2 கிலோமீட்டர். கருந்துளையின் எல்லைக்கு நிகழ்வெல்லை என்று பெயர். அதன் ஆரத்தைப் போல 100 மடங்கு தூரத்தில், பாய்ச்சல் ஒளிவேகத்தில் பத்தில் ஒரு பங்கு. 4 மடங்கு தூரத்தில் பாதி. சரியாக எல்லையில் ஒளிவேகத்துக்குச் சமம். அதற்குள்ளே அதையும் தாண்டிவிடும். மிச்செலின் கணக்கும் ஐன்ஸ்டைன் கணக்கும் ஒரே ஆரத்தைத் தருவது இதனால்தான். விடை ஒன்று, காரணம் வேறு. பரீட்சையில் இப்படி எழுதிவிட்டு முழு மார்க் வாங்கியவர்களில் நானும் ஒருவன்.

எல்லைக்கு வெளியே, வெளிப்பக்கமாக அடித்த வெளிச்சம் தட்டுத்தடுமாறி வெளியே வந்துவிடும், ஏரிப்பக்கம் அகலமான இடத்தில் எங்கள் படகு ஏறிவிடுவது போல. எல்லையிலேயே நிற்கிற வெளிச்சம் நின்ற இடத்தில் ஓடிக்கொண்டிருக்கும், உடைந்த படகுக்கு நேரே நாங்கள் இருந்தோமே அப்படி. உள்ளே இருக்கும் வெளிச்சம் வெளியே பார்த்து ஓடிக்கொண்டே உள்ளே போகும்.

அன்றைக்கு நாங்கள் எப்படித் தப்பித்தோம் என்று பேத்தி கேட்டாள். மாமா நங்கூரத்தைப் போட்டார். மணலில் கொஞ்ச தூரம் உழுதுகொண்டு போய் எதிலோ கடித்து நின்றது. பீடி தீரும்வரை உட்கார்ந்திருந்தோம். கடல் ஏறத் தொடங்கித் தண்ணீர் தணிந்ததும் உள்ளே வந்துவிட்டோம். “அப்ப அங்கயும் நங்கூரம் போட்டா?” என்றாள். என் உதாரணம் முறிகிற இடம் இதுதான், மறைக்கக் கூடாது. தண்ணீருக்குக் கீழே தரை இருக்கிறது. அண்டவெளிக்குக் கீழே தரை எது? நங்கூரம் போட்டால் அதுவும் சேர்ந்துதான் போகும். கயிறு விட்டாலும் அப்படித்தான். கயிற்றின் இழுப்புகூட ஒரு அணுவிலிருந்து அடுத்த அணுவுக்கு ஒளிவேகத்துக்குள்தான் பரவ முடியும், ஆகவே கயிறு அறுந்துபோகும். தண்ணீரில் இன்னும் பெரிய எஞ்சின் போடலாம். அண்டவெளியில் ஓடும் எதற்கும் ஒளிவேகம்தான் உச்சவரம்பு, அதற்கு மேல் எஞ்சின் எந்தக் கடையிலும் கிடைக்காது. இன்னொரு வித்தியாசம்: முகத்துவாரத் தண்ணீர் கடலில் போய் விரிந்ததும் சாந்தமாகிவிடும். அங்கே உள்ளே போகப் போகப் பாய்ச்சல் கூடிக்கொண்டே போகும். ஏற்றம் வற்றம் கிடையாது. பீடி பிடித்துக்கொண்டு காத்திருக்கிற மாமாவுக்கு அங்கே வேலை இல்லை.

இதையே வாத்தியார் இன்னொரு விதமாகச் சொன்னார். எனக்கு அதுதான் ராத்திரித் தூக்கத்தைக் கெடுத்தது. வெளியே இருக்கும்வரை கருந்துளையின் நடு என்பது ஓர் இடம். வேண்டுமானால் போகலாம், வேண்டாமென்றால் விலகலாம். எல்லையைத் தாண்டியதும் அது ஒரு நேரம் ஆகிவிடுகிறது. இனி வரப்போகிற நேரம். இடப்பக்கம், வலப்பக்கம், மேலே, கீழே என்று எந்தத் திசையில் ஓடினாலும் அதை நோக்கித்தான் ஓடுகிறோம். ஸ்ரீஹரிகோட்டாவில் கவுண்ட்டவுன் போய்க்கொண்டிருக்கும்போது ஏதாவது கோளாறு என்றால் நிறுத்திவைப்பார்கள், பார்த்திருக்கிறோம். அங்கே நிறுத்திவைக்க ஆளில்லை. எண் இறங்கிக்கொண்டே இருக்கும்.

எவ்வளவு நேரம் கிடைக்கும் என்று கணக்குப் போட்டோம். நம் பால்வெளியின் நடுவில் இருக்கும் கருந்துளை, சூரியனைப் போல 40 லட்சம் மடங்குக்குச் சற்று மேல் எடை கொண்டது. அதன் எல்லையைத் தாண்டிய பிறகு, என்ன முட்டி மோதினாலும் அதிகபட்சம் ஒரு நிமிஷம் சொச்சம். ராக்கெட்டின் நெருப்பு கண்ணில் பட்டு, சத்தம் எங்கள் கரைக்கு வந்து சேருமே, ஏறக்குறைய அவ்வளவு நேரம். பேத்தி மனதுக்குள் எண்ணிப் பார்த்துவிட்டு “அவ்ளோதானா?” என்றாள். எம்87 என்ற விண்மீன் கூட்டத்தின் நடுவில் இருப்பது 650 கோடி சூரியன் எடை. அதில் விழுந்தவருக்கு ஒரு நாளைக்கு மேலேயே கிடைக்கும், 28 மணி நேரம் போல. அத்தனை மணி நேரமும் அவர் கையில் டார்ச் இருந்தால் எரியும். வெளிச்சம் அவர் கையை விட்டு அதே 3 லட்சம் கிலோமீட்டர் வேகத்தில்தான் கிளம்பும். அவருக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது, நுரையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த எனக்குத் தெரியாத மாதிரி. அவருக்குப் பார்த்துக்கொள்ள உடைந்த படகும் இல்லை.

கட்டுரையில் இன்னும் இரண்டொரு இடம். ஒளி மேலே ஏறும்போது வேகம் குறைகிறது என்ற நினைப்பில் எழுதப்பட்டிருக்கிறது. ஈர்ப்புக்கு எதிராக ஏறும் ஒளி மெலிந்து சிவந்துபோகும், அவ்வளவுதான். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பவுண்ட், ரெப்கா என்ற இருவர் 22.5 மீட்டர் உயரக் கோபுரம் ஒன்றில் காமா கதிரை ஏற்றி இறக்கி 1960-ல் இதை அளந்தே காட்டிவிட்டார்கள். எங்கள் ஊர் செல்போன் டவர்கூட அதைவிட உயரம்.

கருந்துளை சுற்றியிருக்கிற எல்லாவற்றையும் வாக்குவம் கிளீனர் மாதிரி உறிஞ்சும் என்றும் போட்டிருந்தீர்கள். சூரியனை எடுத்துவிட்டு அதே எடையுள்ள கருந்துளையை அங்கே வைத்தால், அதன் ஆரம் 3 கிலோமீட்டர்தான் இருக்கும். பூமி இப்போது சுற்றுகிற மாதிரியே சுற்றிக்கொண்டிருக்கும். இருட்டும் குளிரும்தான் மிச்சம். பூமியையே கருந்துளை ஆக்க வேண்டுமென்றால் ஒரு பெரிய கோலிகுண்டு அளவுக்கு நசுக்க வேண்டும். ஆனால் எல்லாக் கருந்துளையும் அப்படி இறுகக் கெட்டித்தது என்று எண்ணக் கூடாது. எம்87-ல் இருப்பதன் எடையை அதன் எல்லைக்குள் அடங்கும் கன அளவால் வகுத்துப் பார்த்தேன். ஒரு கன மீட்டருக்கு அரைக் கிலோகூடத் தேறவில்லை. நாம் மூச்சு விடும் காற்று அதைவிடக் கனம். வாத்தியாரிடம் ஓடினேன், அவரும் இரண்டு தடவை போட்டுப் பார்த்துவிட்டு ஆமாம் என்றார். இறுக்கம் முக்கியமில்லை, எவ்வளவு எடை எவ்வளவு ஆரத்துக்குள் என்பதுதான் கணக்கு.

சந்திரசேகர் கருந்துளையைக் கண்டுபிடித்தார் என்ற வரியையும் திருத்திவிடுங்கள். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த அந்த 19 வயதுப் பையன் 1930-ல் கப்பலில் இங்கிலாந்து போகும்போது போட்ட கணக்கு, எரிந்து தீர்ந்து சுருங்கிப்போன ‘வெள்ளைக் குள்ளன்’ நட்சத்திரத்துக்கு ஓர் எடை வரம்பு உண்டு என்பது. சூரியனைப் போல 1.4 மடங்கு. அதைத் தாண்டினால் என்ன ஆகும் என்பதுதான் எல்லோரையும் பயமுறுத்தியது. 1935 ஜனவரியில் லண்டனில் நடந்த வானியலாளர் கூட்டத்தில், அந்தக் காலத்துப் பெரிய வானியலாளர் எடிங்டன் எழுந்து அதைக் கேலி பண்ணினார். வேடிக்கை என்னவென்றால், நட்சத்திரம் சுருங்கிச் சுருங்கிக் கடைசியில் தன் ஒளியையே வெளியே விடாமல் பிடித்துக்கொள்ளும் என்று அந்தக் கூட்டத்தில் வாய்விட்டுச் சொன்னவர் எடிங்டன்தான். இப்படி அசட்டுத்தனமாக நடக்க இயற்கை விடாது என்று அடுத்த மூச்சில் அதைத் தள்ளியும் விட்டார். சந்திரசேகருக்கு நோபல் பரிசு 1983-ல் வந்தது.

எங்கள் ஊர்க்காரர்கள் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. ஒளியே வராது என்றால் அதைப் பார்க்க இங்கேயிருந்து எதற்கு ராக்கெட் விட்டார்கள்? 2024 புத்தாண்டு அன்று காலை 9.10-க்குப் போன ராக்கெட்டைச் சொல்கிறார்கள். ராத்திரி பட்டாசு வெடித்த தூக்கக் கலக்கத்தோடு ஊரே கரையில் நின்றது. அது கொண்டுபோனது எக்ஸ்போசாட், எக்ஸ்ரே கதிர்களை ஆராயும் செயற்கைக்கோள். அதில் உள்ள ஒரு கருவியைச் செய்தது பெங்களூரின் ராமன் ஆராய்ச்சி நிலையம். கருந்துளைக்குள் விழப்போகிற வாயு, எல்லைக்கு வெளியே சுற்றிச் சுற்றி உரசிக் கோடிக்கணக்கான டிகிரிக்குச் சூடாகி எக்ஸ்ரேயை உமிழ்கிறது. அது காற்று மண்டலத்தைத் தாண்டித் தரைக்கு வராது, அதனால்தான் மேலே போய்ப் பார்க்க வேண்டியிருக்கிறது. 2019 ஏப்ரலில் வெளியான எம்87 படத்தில் தெரியும் ஆரஞ்சு வளையமும் அப்படி வெளியே இருந்து வந்ததுதான். அது ரேடியோ அலையில் எடுத்தது, ஆரஞ்சு நாம் பூசிய நிறம். உங்கள் படக்குறிப்பில் ‘கருந்துளையிலிருந்து வரும் ஒளி’ என்று இருந்தது. வளையத்துக்கு நடுவே இருட்டாக இருக்கிறதே, சமாசாரம் அங்கேதான்.

ஆகவே ஒரு சின்னத் திருத்தம் போட வேண்டுகிறேன். மாணவர் பக்கத்தில், அதே இடத்தில் போட்டால் நல்லது. என் பேத்தி மாதிரி எத்தனை பிள்ளைகள் அந்த வரியில் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றனவோ! கல் எறிகிற படத்துக்குப் பதிலாகப் போட்டுக்கொள்ள அவளே வரைந்த படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். முகத்துவாரத்தில் மூன்று படகு. மூன்றின் மூக்கும் ஏரியைப் பார்த்துத்தான் இருக்கிறது. முதல் படகு ஏரிப்பக்கம், மெல்ல ஏறுகிறது. இரண்டாவது குறுகலில், உடைந்த படகுக்கு நேரே நிற்கிறது. மூன்றாவது கடல்பக்கம் போய்க்கொண்டிருக்கிறது. அம்புக்குறி எல்லாம் சரிபார்த்துவிட்டேன். இரண்டாவதில் உட்கார்ந்திருப்பவர் என் மாமா, பீடியோடு. மூன்றாவதில் ஆள் யாரும் இல்லை. பேத்தி முதலில் மாமாவை அதில்தான் உட்காரவைத்திருந்தாள். “எங்கப்பாவை ஏண்டி அதுல அனுப்புற?” என்று சொல்லி என் மனைவி ரப்பரை எடுத்து அழித்துவிட்டாள். கொஞ்சம் அழுக்காகத் தெரிவது அதனால்தான்.

இப்படிக்கு,
படகு எஞ்சின் மெக்கானிக்,
பழவேற்காடு ஏரிக்கரை, தடா அருகில்,
ஆந்திரப் பிரதேசம்